முதியோரின் சிறுநீர்க் கசிவு: டயபரா, மாத்திரையா, டியூபா?

வயது முதிர்ந்த ஆண் ஒருவருக்குச் சிறுநீர் தன்னையறியாமல் கசியத் தொடங்கியதும், வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் டயபர் போடுவதா, டியூப் போடுவதா என்பதாகவே இருக்கிறது. கேள்வி தவறன்று, ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. தேக்கி வைக்க முடியாமல் வெளியேறும் சிறுநீரும், முழுவதும் வெளியேற முடியாமல் நிரம்பி வழியும் சிறுநீரும் உடையில் ஒரே ஈரமாகத்தான் தெரிகின்றன. முன்னதைத் தணிக்கும் மாத்திரையோ பின்னதை மோசமாக்கி, சிறுநீர் முற்றிலும் அடைபட்டுப்போகும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். ஆகவே, இங்கே எந்த இரண்டு வழிகளை எதிரெதிரே வைத்தாலும், எது உயர்ந்தது என்று பார்க்காமல், எந்தக் கோளாறுக்கு எது பொருந்தும் என்றே பார்க்கிறேன்.

ஆண்களின் தொல்லைக்குத் தனி நிறம் கொடுப்பது புரோஸ்டேட் சுரப்பி. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இச்சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றி அமைந்திருப்பதால், அது பெரிதாகும்போது பாதை நெருக்கப்படுகிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், எண்பதுகளில் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலானவர்களிடமும் திசு அளவில் இந்தப் பெருக்கம் காணப்படுகிறது. இது புற்றுநோய் அன்று. நெருக்கப்பட்ட பாதை வழியே பல ஆண்டுகள் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பைத் தசை முரண்டு பிடிக்கத் தொடங்குவதால், மெல்லிய தாரையும் அடக்க முடியாத அவசரமும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருவது வழக்கம். இவற்றோடு, புரோஸ்டேட்டை அகற்றிய பின் இருமினாலோ எழுந்தாலோ கசிவது ஒரு வகை. மூட்டு வலியாலும் மறதியாலும் கழிப்பறைக்குப் போய்ச் சேர முடியாமல் நனைவது இன்னொரு வகை.

எந்த வகை என்று கண்டறிய ஸ்கேன் வேண்டுமா, குறிப்பேடு போதுமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. சிறுநீர் கழித்த உடனே எடுக்கும் ஸ்கேன், பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லும். அவசரத்தைத் தணிக்கும் எந்த மாத்திரையையும் தொடங்கும் முன் அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள்கள் எழுதும் குறிப்பேடோ, எப்போது எவ்வளவு குடித்தார், எப்போது எத்தனை மில்லிலிட்டர் கழித்தார், எப்போது கசிந்தது என்பதைக் காட்டும். அளவுக் குவளையும் ஒரு தாளும் தவிர வேறெதுவும் தேவைப்படாத இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். இரவில் ஐந்து முறை எழுபவர் ஒவ்வொரு முறையும் 60 மில்லிலிட்டர் கழிக்கிறாரா, 350 மில்லிலிட்டர் கழிக்கிறாரா என்பதில்தான் சிகிச்சை முழுவதும் பிரிகிறது. முன்னவருக்குக் கோளாறு பையில் இருக்கலாம். பின்னவருக்கு இரவில் சிறுநீர் அதிகமாகச் சுரக்கிறது, அதற்குப் புரோஸ்டேட் மாத்திரை எதுவும் செய்யாது.

பயிற்சியும் மாத்திரையும் மோதும் இடத்தில், பயிற்சி குறைத்தே மதிக்கப்படுகிறது. அவசரம் எழும்போது ஓடாமல் நின்று, இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசைகளை) சிலமுறை விரைவாக இறுக்கி, அலை தணிந்த பிறகு நிதானமாக நடந்து செல்வது, கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுவது, இவ்வளவுதான் பயிற்சி. 2011இல் வெளியான ஆய்வொன்றில், அவசரத் தொல்லையுள்ள ஆண்களிடம் இதை ஆக்ஸிபியூட்டினின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, நாளொன்றுக்குக் கழிக்கும் தடவைகளைக் குறைப்பதில் பயிற்சி சளைக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான வேறொரு பெரிய ஆய்வு எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் தந்தது. புரோஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவு இருந்த ஆண்களுக்குத் தனிப்பட்ட முறையில் இடுப்புத்தளப் பயிற்சி அளித்தும், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட ஓராண்டு முடிவில் அவர்கள் மேலாக இல்லை. எனவே அவசரக் கசிவுக்குப் பயிற்சியை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். அறுவைக்குப் பிந்தைய கசிவில் அதைச் செய்வதில் தீங்கில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். கழித்து முடித்துத் திரும்பும்போது சொட்டும் சில துளிகளுக்கு, விதைப்பைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி விரலால் மெல்ல நீவி விட்டாலே போதும்.

நினைவிழப்பு உள்ளவருக்கு இந்தப் பயிற்சிகள் ஏறா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லும் ஒருவர் உடன் இருப்பதே அவருக்குப் பயிற்சியும் மருந்தும் ஆகும்.

அடைப்பினால் வரும் தொல்லைக்கு இரண்டு மாத்திரைக் குடும்பங்கள் நேரெதிரே நிற்கின்றன. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான்கள் புரோஸ்டேட்டிலும் பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. சில நாள்களில் தாரை தேறுவது தெரியும், ஆனால் சுரப்பி சுருங்காது. ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் அதைவிட வீரியமான வடிவத்துக்கு மாறுவதைத் தடுத்து, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் சுரப்பியை ஏறத்தாழக் கால் பங்கு சுருக்குகின்றன. சுரப்பி பெரிதாக இல்லாதவருக்கு இவற்றால் பெரும்பயன் இல்லை. 2003இல் வெளியான, 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், நோய் முற்றும் அபாயத்தை, தளர்த்தும் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சசோசின் 39 விழுக்காடும், ஃபினாஸ்டரைடு 34 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 66 விழுக்காடும் குறைத்தன. திடீர் அடைப்பையும் அறுவைத் தேவையையும் நீண்ட காலத்தில் குறைத்தது சுருக்கும் மாத்திரைதான். தளர்த்தும் மாத்திரை தனியாக அதைச் செய்யவில்லை. சுரப்பி பெரிதாக உள்ள ஒருவர், முதல் மாதத்தில் பலன் தெரியவில்லை என்று சுருக்கும் மாத்திரையை நிறுத்திவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு.

இரண்டுக்கும் விலை உண்டு. தளர்த்தும் மாத்திரை படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றலைத் தரலாம்; இரவில் கழிப்பறைக்கு எழும் முதியவருக்கு அது இடுப்பு எலும்பு முறிவாக முடியக்கூடும். விந்து வெளிவருவது குறையலாம் அல்லது நிற்கலாம். கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறவர், இம்மாத்திரையை எப்போதாவது சாப்பிட்டிருந்தால் அதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து சிக்கல் தரலாம். சுருக்கும் மாத்திரை பாலுறவு விருப்பத்தைக் குறைக்கலாம். மேலும், புரோஸ்டேட் புற்றுநோயைத் தேட இரத்தத்தில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கும். அதை அறியாமல் பரிசோதனைத் தாளைப் படிப்பவர், புற்றுநோயின் அடையாளத்தைத் தவறவிடலாம்.

மூலிகை மாத்திரைகளில் மிகப் பரவலான சா பால்மெட்டோவைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். 2006இலும் 2011இலும் வந்த இரண்டு கவனமான ஆய்வுகளில், இரண்டாவதில் வழக்கமான அளவைப் போல் மும்மடங்கு கொடுத்தும்கூட, அது வெறும் போலி மாத்திரையை விஞ்சவில்லை.

அடைப்பு இல்லாத, அல்லது அடைப்பு சீரான பிறகும் எஞ்சும் அவசரத்துக்கு, ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் முதலிய பழைய குடும்பம் ஒரு பக்கம், மிராபெக்ரான் மறுபக்கம். பழைய குடும்பம் பையைத் தணிக்கும். கூடவே வாயை உலர்த்தி, மலச்சிக்கலைக் கூட்டி, முதியோரின் நினைவையும் தெளிவையும் மங்கச் செய்யக்கூடும். மலச்சிக்கலே கசிவை அதிகப்படுத்தும் என்பதால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்ததாகிவிடும். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிராபெக்ரானுக்கு அந்த மங்கல் இல்லை. ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால், கட்டுக்கடங்காத அழுத்தம் உள்ளவருக்கு அது ஆகாது. எழுபதைத் தாண்டியவருக்கு, அதிலும் மறதியின் சாயல் தெரிபவருக்கு, அழுத்தம் இடம் கொடுத்தால் மிராபெக்ரானே என் தேர்வாக இருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தாமாகவே வாங்கும் மாத்திரைகளிலும் பழைய குடும்பத்தின் குணம் இருப்பதுண்டு. பெருத்த புரோஸ்டேட் உள்ளவருக்கு ஒரே இரவில் சிறுநீர் அடைபட அது போதும்.

இரவுத் தொல்லையில், தண்ணீரை வெகுவாகக் குறைப்பதே பலரும் தாமாகக் கைக்கொள்ளும் வழி. பகல் முழுவதும் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலம் இறுகும். மாலைக்குப் பின் மட்டும் குறைப்பதே சரி. நாள் முழுவதும் சுரப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் சுரந்தால், கால் வீக்கம், இதயக் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடை, சர்க்கரை நோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். கால் வீக்கம் உள்ளவர் பிற்பகலில் கால்களை உயர்த்தி வைத்துப் படுப்பதும், நீர் பிரிக்கும் மாத்திரையின் நேரத்தை மருத்துவரைக் கேட்டுப் பிற்பகலுக்கு மாற்றுவதும் எளியவை, பாதுகாப்பானவை. சுரப்பையே அடக்கும் டெஸ்மோபிரெஸ்ஸின் விரைவாகப் பலன் தரும். ஆனால் முதியோரிடம் இரத்தத்தின் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும் என்பதால், தொடர்ந்து இரத்தப் பரிசோதனை செய்ய இயலாத இடத்தில் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

மாத்திரைகள் தோற்கும்போதும், அடைப்பு மீண்டும் மீண்டும் வரும்போதும், சிறுநீரகம் பாதிக்கப்படும்போதும் அறுவை வருகிறது. பாதை வழியே சென்று திசுவைச் சுரண்டி எடுக்கும் பழைய முறையும், லேசர் கொண்டு குடைந்தெடுக்கும் முறையும் தாரையை நன்றாகத் திறக்கின்றன. மிகப் பெரிய சுரப்பிக்கும், இரத்தக்கசிவைக் குறைப்பதற்கும் லேசர் முந்துகிறது. இரண்டிலும் விந்து பின்னோக்கிச் செல்வது பெரும்பாலோருக்கு நேரும். நீராவியைச் செலுத்துவதும், சுரப்பியை இருபுறமும் இழுத்துக் கட்டுவதும் விந்து இயல்பாக வெளிவருவதைப் பெரும்பாலும் காக்கின்றன. ஆனால் தாரை அவ்வளவு திறப்பதில்லை. புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் முழுவதும் அகற்றப்பட்டவரின் கசிவு ஓராண்டுக்குள் பெரும்பாலும் தானே குறையும் என்பதால், அதற்கு முன் அவசரப்படலாகாது. எஞ்சும் கசிவு கொஞ்சமானால் சிறுநீர்ப் பாதையைத் தாங்கிப் பிடிக்கும் தாங்கு பட்டை, மிகுதியானால் பாதையை மூடித் திறக்கும் செயற்கைச் சுருக்குத்தசை. பின்னது ஒவ்வொரு முறையும் விதைப்பையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டியது. கை நடுக்கமும் மறதியும் உள்ளவருக்கு அது பொருந்தாது. இரண்டையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், இரு பக்கத்திலும் பெரும்பாலோருக்குச் சிறிதளவு கசிவேனும் எஞ்சியது, ஆனால் துன்பம் வெகுவாகக் குறைந்தது. அறவே உலர்ந்துவிடும் என்று நம்பிக் கத்திக்கு உடன்படுகிறவருக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இப்போதுதான் டயபரும் டியூபும். நடக்க முடிந்தும் கழிப்பறையை எட்ட முடியாதவருக்கு, டயபரைவிடக் கட்டிலருகே ஒரு சிறுநீர்க் குடுவையும், இரவு விளக்கும், எளிதில் அவிழும் உடையும் மேல். டயபர் கட்டியதும் அழைத்துச் செல்வது நின்றுபோகிறது. நின்றபின் நடையும் குறைகிறது. சிறு கசிவுக்கு ஆண்களுக்கெனக் குழிவாக வரும் பேட் போதும். டயபர் தவிர்க்க முடியாதபோது, நனைந்தவுடன் மாற்றுவதும், தோலை மெல்ல ஒற்றித் துடைத்துத் தடுப்புக் களிம்பு பூசுவதும்தான் அதன் வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

காண்டம் கதீட்டர் என்னும் உறை வகை, டயபருக்கும் உள்ளே செல்லும் டியூபுக்கும் இடையில் நிற்கிறது. அளவெடுத்துப் பொருத்தி, நாள்தோறும் மாற்றித் தோலைப் பார்த்துக்கொண்டால், இரவு முழுவதும் உலர்ந்து உறங்கலாம். மருத்துவமனையில் இருந்த ஆண்களிடம் இதையும் உட்செல்லும் டியூபையும் ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், நினைவிழப்பு இல்லாதவர்களிடம் தொற்று உள்ளிட்ட கேடுகளை உறை குறைத்தது. அணிந்தவர்களும் அதையே வசதியாகக் கருதினர். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பை காலியாகாதவருக்கு உறை எதுவும் செய்யாது. அத்தகையவருக்கு, 1970களிலிருந்து நிலைபெற்றுவிட்ட முறையில், நாளில் நான்கு முதல் ஆறு முறை சுத்தமான மெல்லிய டியூபைச் செலுத்தி வடித்துவிட்டு எடுத்துவிடுவது, நிரந்தர டியூபைவிட மேலானது. கையும் கண்ணும் ஒத்துழைக்காதபோது, குடும்பத்தில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம்.

நிரந்தர டியூபில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேரின் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால் அதற்கு ஆண்டிபயாட்டிக் தேவையில்லை. கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். நீண்ட காலம் டியூப் இருந்தே ஆக வேண்டுமெனில், அடிவயிற்றின் வழியே போடுவது ஆண்குறியைப் புண்ணிலிருந்து காக்கும். தொற்றையும் அடைப்பையும் அதுவும் தவிர்க்காது.

என் தந்தைக்கு எலும்பு அறுவையின்போது போட்ட டியூப், வீடு திரும்பிய பின்னும் ஏழு வாரங்கள் இருந்தது. எடுக்க வேண்டிய நாளை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. புதிதாகப் பார்த்த மருத்துவர் டாம்சுலோசினைத் தொடங்கி, மூன்று நாள் கழித்துக் காலையில் டியூபை எடுத்து, மாலை வரை ஒவ்வொரு முறை கழித்ததையும் அளக்கச் சொன்னார். முதல் முறை 90 மில்லிலிட்டர், அடுத்தது 180. அன்றிரவு ஸ்கேனில் பையில் மிஞ்சியது மிகக் குறைவு. மறுநாள் அவர் சுவரைப் பிடித்தபடி தாமே கழிப்பறைக்குச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டார்.