புக்கு போடறேன்னு 2,340 டாலரை விட்டுட்டு உக்காந்திருக்கேன், நீங்களாவது மாட்டாதீங்க

நேத்து ராத்திரி 11 மணிக்கு கடைசி மெயில் வந்துச்சு. "டியர் கஸ்டமர், உங்க ப்ராஜெக்ட் எங்க தரப்புல முடிஞ்சதால க்ளோஸ் பண்ணியாச்சு." அவ்ளோதான். 2,340 டாலர் போச்சு. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, காலையில பல்லு கூட வெளக்காம உக்காந்து டைப் பண்றேன், அங்கங்க பிழை இருந்தா கண்டுக்காதீங்க. மத்தவங்க பிழையத் திருத்தித்தான் எனக்குப் பொழப்பே ஓடுது, இன்னிக்கு அதுக்கு லீவு.

கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல, ஏற்கெனவே "லீகல் டீம்"னு ஒரு மெயில்ல பயமுறுத்திட்டாங்க. உங்க கதைய நாங்க புக்கா ஆக்கித் தர்றோம், நீங்க எழுதினா மட்டும் போதும்னு ஆன்லைன்ல விளம்பரம் பண்ணி, சில்வர் கோல்டு பிளாட்டினம்னு பேக்கேஜ் விக்கிற பதிப்பு சர்வீஸ்ல ஒண்ணு. இத்தன சொன்னாலே பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்கும்.

இதுல என்ன வயித்தெரிச்சல்னா நான் ஒண்ணும் புதுசு இல்ல. ஆறு வருஷமா எழுத்துதான் எனக்கு பிசினஸ். ஒத்த ஆள் கம்பெனி, முதலாளியும் நான்தான் ஆபீஸ் பாயும் நான்தான். வெப்சைட்டுக்கு எழுதறது, அடுத்தவங்க பேர்ல புக்கு எழுதிக் கொடுக்கறது, நியூஸ்லெட்டர், ப்ரூஃப் பாக்கறது எல்லாம். புது கிளையண்ட்னா பாதி அட்வான்ஸ் கைக்கு வராம ஒரு வரி எழுத மாட்டேன். திருத்தம் ரெண்டு தடவைதான், மூணாவதுக்கு தனி சார்ஜ். வேலைய பாதியில நிறுத்தினா எவ்ளோ தரணும்னு அக்ரிமெண்ட்ல தனியா ஒரு வரி இருக்கும். இன்வாய்ஸ்க்கு நம்பர் போட்டு ஃபோல்டர் வச்சிருக்கேன். வர்ற ஒவ்வொரு பேமெண்ட்லயும் 30 சதவீதம் அப்படியே டாக்ஸுக்குன்னு வேற அக்கவுண்ட்டுக்குப் போயிரும், தொடவே மாட்டேன். போன வருஷம் ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்ச ஒரு தோழிக்கு இதையெல்லாம் நான்தான் க்ளாஸ் எடுத்தேன்.

அந்த 2,340 டாலர் எந்த அக்கவுண்ட்ல இருந்து போச்சுன்னு கேளுங்க. அந்த டாக்ஸ் அக்கவுண்ட்ல இருந்துதான்.

மூணு வருஷமா கிளையண்ட் வேலை முடிஞ்சப்புறம் ராத்திரில உக்காந்து எழுதின சிறுகதைங்க, 14 கதை, டைப் பண்ணி 212 பக்கம். யார்கிட்டயும் காட்டல. அந்த சைட்ல "இலவச மதிப்பீடு"ன்னு இருந்துச்சு, ஒரு நாள் ஏதோ தைரியத்துல அனுப்பிட்டேன். ரெண்டே நாள்ல போன். நல்ல தமிழ்ல ஒரு தம்பி பேசினாப்ல, எடுத்ததும் "அக்கா"ன்னுதான் ஆரம்பிச்சாப்ல. நானும் ஏதோ விக்கத்தான் கூப்புடறாங்கன்னு உஷாராத்தான் இருந்தேன். அப்பத்தான் அந்தத் தம்பி சொன்னாப்ல, "அக்கா, கதவத் தொறந்தா வெளிய போகலாம்னு தெரிஞ்சும் அவ சாவியத் தேடிட்டே இருந்தான்னு ஒரு வரி எழுதிருக்கீங்களே, அதுக்கப்புறம் என்னால கீழ வைக்க முடியலக்கா."

என் வரி. வேற ஒரு ஆளோட வாயில இருந்து என் வரிய நான் முதல் தடவையா கேக்கறேன். ஆறு வருஷமா என் எழுத்து எல்லாம் அடுத்தவங்க பேர்லயும் கம்பெனி பேர்லயும்தான் வெளிய போயிருக்கு, யாரும் எனக்கு போன் பண்ணி இப்படி ஒரு வரிய சொன்னதே இல்ல. போனக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அந்த வரி முதல் கதையோட முதல் பக்கத்துல மூணாவது பாராவுல இருக்கு. அதத் தாண்டி அந்தத் தம்பி ஒரு வரி கூடப் படிச்சதில்லன்னு புரிய எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

அன்னிக்கு சாயங்காலமே கோல்டு பேக்கேஜ் கொட்டேஷன் வந்துருச்சு. லேஅவுட் 640, அட்டை 350, ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புக்குக்கும் வாங்கற அடையாள நம்பர்) 150, டிஸ்ட்ரிபியூஷன் 250, மார்க்கெட்டிங் 950, மொத்தம் 2,340 டாலர். முதல்ல 840, கொஞ்ச நாள் கழிச்சு மிச்சம் 1,500. அக்ரிமெண்ட் ஒன்பது பக்கம், நான் மூணு பக்கம் படிச்சேன். கிளையண்ட் ஒரு பக்கம் அனுப்பினாலும் கமா கமாவா நோண்டுற ஆளு நான். "ஆஃபர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்கா"ன்னாப்ல, சைன் போட்டுட்டேன்.

840 பேபால்ல ஒழுங்கா போச்சு. ரெண்டாவதா 1,500 அனுப்பறப்ப தம்பி மெசேஜ் போட்டாப்ல: "அக்கா, ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு போட்டு அனுப்புங்க, கமிஷன் புடிக்க மாட்டாங்க, அந்த மிச்சத்துக்கு உங்களுக்கு அஞ்சு காப்பி எக்ஸ்ட்ரா தர்றோம்." அப்படி அனுப்பினா அது சொந்தக்காரங்களுக்குக் கொடுத்த பணக் கணக்குலதான் சேரும், வாங்கறவங்களுக்கான பாதுகாப்பு எதுவும் அதுக்குக் கிடையாது, போனா போனதுதான். இது எனக்குத் தெரியும். பணம் வாங்கற பக்கம் ஆறு வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சே அனுப்பினேன். அக்கான்னு கூப்புட்டாப்ல இல்ல, ஃபேமிலி ஆயிட்டேன்.

ஆறு வாரம்னு சொன்ன பிடிஎஃப் பதினோராவது வாரம் வந்துச்சு. தொறந்து பாத்தா முதல் பக்கத்துலயே "கொடுத்தாள்" ஒடஞ்சு கெடக்கு. கொம்பு தனியா, புள்ளி புள்ளியா ஒரு வட்டத்த ஒட்டிக்கிட்டு, க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஒகரம் ஓகாரம் வர்ற எடமெல்லாம் இதே கதி, 212 பக்கமும். தமிழ் யூனிகோடுக்குள்ள, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல இருக்கற பொதுக் குறியீட்டுக்குள்ள, வந்தது 1991ல, இன்னும் இந்தக் கதி. புக்கு லேஅவுட் பண்ற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல தமிழ் போடணும்னா, எழுத்த வரியில அடுக்கற வழக்கமான கம்போசர விட்டுட்டு வேர்ல்ட் ரெடி கம்போசருக்கு மாத்தணும், பாரா செட்டிங்ல ஒரே ஒரு எடம், மாத்தினா எழுத்து தானா சேந்துக்கும். ப்ரூஃப் பாத்துப் பாத்து எனக்கே தெரிஞ்ச விஷயம், லேஅவுட்டுக்கு 640 வாங்கின ஆளுக்குத் தெரியல.

அதக் கூட விடுங்க. 37ஆம் பக்கத்துல இருந்து 52 வரைக்கும் பக்கத்து உச்சியில என் புக்கு பேரு இல்ல, வேற யாரோ ஒருத்தரோட சமையல் புக்கு பேரு. எனக்கு முன்னாடி மாட்டின ஆளோட ஃபைல எடுத்து அது மேலயே என் கதைய ஒட்டிருக்காங்க. அந்த மனுஷனோ மனுஷியோ யாருன்னு தெரியல, அவங்க புக்காவது ஒழுங்கா வந்துச்சான்னு அன்னிக்கு பூரா யோசிச்சிட்டு இருந்தேன்.

திருத்தம் எழுதி அனுப்பினேன், 46 எடம், பக்க நம்பரோட. அதுக்கப்புறம்தான் சுத்தல்ல விட ஆரம்பிச்சாங்க. "டிசைன் டீம் பாத்துட்டு இருக்காங்கக்கா." "டிசைனர் லீவுக்கா, அடுத்த வாரம்." "நான் இப்ப வேற டீம்க்கு மாறிட்டேன் மேடம், சப்போர்ட்டுக்கு எழுதுங்க." சப்போர்ட்டுக்கு எழுதினா "டியர் ஆதர், உங்க கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது". மறுபடி எழுதினா "டியர் கஸ்டமர்". அதுக்கப்புறம் பேரும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் டிக்கெட் நம்பர். அக்காவா ஆரம்பிச்சு, மேடமாகி, கஸ்டமராகி, கடைசியில ஆறு இலக்க நம்பரா நிக்கிறேன். ஒரு தடவை போன் கனெக்ட் ஆச்சு, ஒரு பொண்ணு ரொம்பப் பொறுமையா "உங்க ஃபாண்ட்ல பிரச்சனை இருக்கலாம் மேடம், எங்க சிஸ்டம்ல நல்லாத்தான் தெரியுது"ன்னு சொல்லிச்சு. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்."

மார்க்கெட்டிங்குக்கு 950 கொடுத்தேன் இல்ல? அவங்க பேஜ்ல ஒரே ஒரு போஸ்ட். 14 லைக். அதுல ஒண்ணு என்னோடது. டிஸ்ட்ரிபியூஷன் 250க்கு "ஆயிரக்கணக்கான கடைகளில் கிடைக்கும்"னாங்க, அதுக்கு அர்த்தம் மொத்த விநியோகஸ்தரோட லிஸ்ட்ல ஒரு வரியா பேரு இருக்கும், எந்தக் கடையாவது கேட்டா அப்ப பிரிண்ட் போட்டு அனுப்புவாங்கங்கிறதுதான், அலமாரியில ஒரு காப்பியும் நிக்காது. இதுல எழுதறவங்களே புக்கு வெளியிடற அமேசான் கேடிபியில ஏத்தறதும் அடக்கமாம். அங்க நாமளே அக்கவுண்ட் தொறந்து ஏத்தினா ஃபீஸே கிடையாது. 2.99ல இருந்து 9.99 டாலருக்குள்ள வெல வச்ச இ-புக்குக்கு 70 சதவீத ராயல்டி, மத்ததுக்கு 35, 70க்கு சில கண்டிஷன் இருக்கு, எல்லாம் அவங்க பக்கத்துலயே போட்டிருக்கு. ஓசியில கிடைக்கிறதுக்கு 250 கொடுத்திருக்கேன்.

அப்புறம்தான் அந்த மிச்ச ஆறு பக்க அக்ரிமெண்ட்ட உக்காந்து படிச்சேன். பிரிண்ட், இ-புக்கு ரெண்டுக்கும் உரிமை அஞ்சு வருஷத்துக்கு அவங்க ஒருத்தருக்கு மட்டும். நான் நடுவுல விலகணும்னா நான் அவங்களுக்கு 300 டாலர் கட்டணும். எடிட் பண்ற ஒரிஜினல் ஃபைல் தர மாட்டாங்க. ஐஎஸ்பிஎன் அவங்க பேர்ல. அந்த 13 இலக்கத்துல பதிப்பாளருக்குன்னு ஒரு பகுதி இருக்கு, யார் பேர்ல வாங்கினாங்களோ அவங்கதான் ரெக்கார்டுல பதிப்பாளர், நாளைக்கே நானா வேற எடத்துல போட்டா வேற நம்பர்தான் வாங்கணும். அதாவது 150 டாலர் என் காசுல அவங்களுக்கு ஒரு நம்பர் வாங்கிக் கொடுத்திருக்கேன்.

சரி, 1,500 போனது போகட்டும், முறையா அனுப்பின 840ஆவது திரும்ப வாங்கலாம்னு பேபால்ல டிஸ்ப்யூட் போடப் போனேன். பணம் கட்டின நாள்ல இருந்து 180 நாளுக்குள்ள போட்டிருக்கணும். கேலண்டர எடுத்து எண்ணினேன், 191ஆவது நாள். "அடுத்த வாரம் கண்டிப்பா புது பிடிஎஃப்"னு கடைசியா மெயில் வந்தது 174ஆவது நாள். அந்த மெயில நம்பி ரெண்டு வாரம் சும்மா இருந்தேன். அவங்களுக்கு அந்த 180 கணக்கு தெரியாமயா இருந்திருக்கும்? தெரியாதுன்னு யாராவது வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

எழுதறவங்கள ஏமாத்தற சர்வீசுங்களப் பத்தி எச்சரிக்கறதுக்குன்னே ரைட்டர் பிவேர்னு ஒண்ணு 1998ல இருந்து நடக்குது. இங்கிலீஷ்லதான், ஆனா படிக்கப் படிக்க என் கதையத்தான் எழுதி வச்சிருக்காங்களோன்னு இருந்துச்சு. வலிய வந்து போன் பண்ணிப் புகழறது, வெள்ளிக்கிழமை ஆஃபர், பேக்கேஜ் பேரு எல்லாம். 2,340 டாலர் கொடுத்தப்புறம் படிச்சேன்.

என்னென்ன பாக்கணும்னு பத்து பாயிண்ட் எழுதறதாத்தான் ஆரம்பிச்சேன், கோவத்துல பாதி மறந்துருச்சு, இருக்கறதச் சொல்றேன். உங்க கதைய ரொம்பப் புகழ்ந்தாங்கன்னா கடைசிக் கதையில என்ன புடிச்சதுன்னு கேளுங்க, முழிப்பாங்க. ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலில அனுப்பச் சொன்னா அந்த நிமிஷமே போன வைங்க. ஐஎஸ்பிஎன் உங்க பேர்ல வாங்குங்க. முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கம் சாம்பிள் லேஅவுட் கேளுங்க, கொ, போ, நோ எல்லாம் வர்ற பக்கமா பாத்து நீங்களே எடுத்துக் கொடுங்க. பணம் கட்டின அன்னிக்கே போன்ல 150ஆவது நாளுக்கு ஒரு ரிமைண்டர் வச்சிருங்க. சைன் பண்றதுக்கு முன்னாடி ஒன்பது பக்கமும் படிங்க, ஒன்பது பக்கமும்.

வேற என்ன, இருங்க, கிளையண்ட் கூப்புடறாங்க. புது ஆளு, பாதி அட்வான்ஸ் எதுக்குன்னு நேத்துல இருந்து கேட்டுட்டு இருக்காங்க. இன்னிக்கு முழுசாவே கேக்கப் போறேன்.