பெல்லட் அடுப்பு ப்ளோயர்: "மோட்டார் போச்சு" என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பெல்லட் (மரத்தூளையோ உமியையோ அழுத்திச் செய்த எரிபொருள் துண்டு) போட்டு எரிக்கும் அடுப்பு வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு இந்தப் பதிவு. காலையில் பற்றவைக்கும்போது அடுப்புக்குக் காற்று ஊதும் ப்ளோயர் கரகரவென்று கத்துகிறது, கடை முழுக்கப் புகை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், ப்ளோயர் மூடியைக்கூடக் கழற்றாமல் "மோட்டார் போச்சு" என்று சொல்லும் கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன டிபன் கடையில் இப்படி 7,400 ரூபாய் வாங்கிப்போனார்கள். அந்த அடுப்புக்கு உண்மையில் வேண்டியிருந்தது இரண்டு பேரிங் (ஷாஃப்டைச் சுழலவிடும் குண்டு வளையம்), மோட்டார் ஸ்டார்ட் ஆக உதவும் ஒரு கெப்பாசிட்டர். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய் வேலை.

நடந்தது இதுதான். 19 கிலோ சிலிண்டர் கட்டுப்படியாகாமல் பெல்லட்டுக்கு மாறிய கடை. இரண்டு பர்னர், பின்பக்கம் 230 வோல்ட் ஏசி ப்ளோயர், பக்கத்தில் ரெகுலேட்டர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஒரே தொல்லை: சுவிட்ச் போட்டதும் மோட்டார் சில நொடி "ம்ம்ம்" என்று முனகும், பிறகு மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும், கொஞ்ச நேரம் கரகரக்கும். அந்த நேரம் முழுக்க வெள்ளைப் புகை. கால் மணி நேரம் போனால் சத்தமும் அடங்கும், புகையும் நிற்கும், அடுப்பு நன்றாகவே எரியும்.

வந்தவர் ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, காயில் எரிஞ்சிடுச்சு. இதோட ஓட்டுனா ஷாக் அடிக்கும். புது மோட்டார் போட்டாத்தான் ஆகும்" என்றார். மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ரசீது கிடையாது. திரும்பி வந்தது புதுப் பெயின்ட் வாசனையோடு ஒரு மோட்டார், கம்பெனி பெயர்ப்பட்டை இல்லாமல். 5,200 ரூபாய். கரகர சத்தம் போய்விட்டது, ஆனால் புகை இரண்டு பங்கானது. "பெல்லட் சரியில்லக்கா" என்றார். பெல்லட் மாற்றியும் நிற்கவில்லை. அப்புறம் ரெகுலேட்டர் பழுது என்று 1,600, சர்வீஸ் சார்ஜ் 600. கடைசியில் "சிம்னி வச்சாத்தான் சரிவரும்" என்று அதற்கும் ஒரு ரேட் சொன்னார்.

முதல் பொய்யைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, எரிந்த மோட்டார் சூடேறச் சூடேற மோசமாகும்: கருகிய வார்னிஷ் நாற்றம் வரும், ஃபியூஸ் போகும், பாடியில் ஷாக் அடிக்கும். ஓட ஓடச் சரியாகிறது என்றால் கோளாறு காயிலில் இல்லை. பேரிங்கில் காய்ந்து இறுகின கிரீஸ் சூட்டில் இளகுகிறது, மோட்டார் முழு வேகத்தைப் பிடிக்கிறது, காற்று போதுமான அளவு போகிறது, புகை நிற்கிறது. காலையில் மட்டும் சத்தம், காலையில் மட்டும் புகை என்று வருகிறவரிடம் சொன்னாலே அவர் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய மோட்டாரை "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தார்கள். விடாமல் கேட்டதும் நியூஸ்பேப்பரில் சுற்றித் திரும்பி வந்தது. மீட்டர் வைத்ததில் மூன்று ஒயருக்கும் இடையே 62, 85, 147 ஓம். இந்த வகை மோட்டாரில் இரண்டு சின்ன எண்களைக் கூட்டினால் பெரிய எண் வரவேண்டும், வந்தது. ஒயருக்கும் பாடிக்கும் நடுவே எந்த இணைப்பும் காட்டவில்லை. ஆக, காயில் நன்றாக இருந்தது. கெப்பாசிட்டர் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் காட்டியது 1.3. முனகலுக்குக் காரணம் அது. பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினால் மணல் போட்ட மாதிரி உரசல்.

புகை ஏன் இரண்டு பங்கானது என்பதுதான் இந்தக் கதையிலேயே கவனிக்க வேண்டிய இடம். ப்ளோயர் கூட்டின் மேல் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி அச்சாகியிருக்கும். சுவிட்சை அணைத்து, விசிறி நிற்கப்போகும் கடைசிச் சுற்றுகளைக் காற்று உறிஞ்சும் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். இந்தப் புது மோட்டார் அம்புக்கு எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டருக்கு இரண்டு பக்கமும் போகும் ஒயர்களில், லைனை மாற்றிக் கொடுத்தால் இந்த வகை மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சீலிங் ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று மேலே போகும், உடனே தெரியும். நத்தைக்கூடு வடிவ ப்ளோயரில் அப்படித் தெரியாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வெளியே வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும். கையை வைத்து "காத்து வருதே அக்கா" என்று காட்டி ஏமாற்றுவது இதனால்தான் சுலபம். ஒயரை இடம் மாற்றியதும் அதே பெல்லட், அதே அடுப்பு, பழைய ரெகுலேட்டர், புகை நின்றது.

12 வோல்ட் டிசி ப்ளோயர் உள்ள சின்ன அடுப்புகளிலும் இதே கூத்து உண்டு. கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் தலைகீழாகச் சுற்றும். பிரஷ் இல்லாத வகையில் மாற்றிக் கொடுத்தால் ஓடவே ஓடாது, சிலது கருகிப்போகும். இந்தச் சின்ன அடுப்புகளில் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் அடாப்டரைப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டி, ப்ளோயர் ஓடும்போது 9-க்கு இறங்கினால் அடாப்டர்தான் போயிருக்கிறது. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எடுத்தால் ப்ளோயர் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ஆளைக் கூப்பிடும் முன் கடையிலேயே பார்க்கக்கூடியவை சில. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. விசிறியை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் வழவழவென்று சில சுற்று ஓடித் தானாக நிற்க வேண்டும். டக்கென்று நின்றால் பேரிங் இறுகியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை "சரக்" என்றால் விசிறி கூட்டில் உரசுகிறது. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் லொடலொடக்கக் கூடாது. சத்தமே இல்லாமல் கூடு மட்டும் அதிர்ந்தால், விசிறி இறக்கைகளில் கரியும் தாரும் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அப்படித் தேய்க்கும்போது ஏதாவது ஓர் இறக்கையில் சின்னத் தகடு கிளிப் ஒன்று மாட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். பார்க்க அழுக்கில் சிக்கின தகரம் போலத்தான் இருக்கும், ஆனால் பேலன்ஸுக்காகக் கம்பெனியில் போட்டது அது. "க்ளீன் பண்ணித் தரேன்" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிறகு வரும் அதிர்வுக்கு மோட்டாரைக் குறை சொல்கிறார்கள்.

மூடின பேரிங்கில் எண்ணெய் விடுவது வீண் வேலை, உள்ளே போகாது. பேரிங்குக்குப் பதில் புஷ் (குண்டு இல்லாத வெறும் உலோக வளையம்) வைத்த மோட்டாராக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் சூட்டில் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும். இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் சீக்கிரமே முன்பைவிட அதிகமாகக் கத்தும். சில ஆட்கள் செய்யும் "சர்வீஸ்" இந்த ஒரு ஸ்ப்ரே மட்டும்தான்.

பேரிங் மாற்றுவதென்றால் அதன் மூடியிலேயே நம்பர் இருக்கும். சின்ன ப்ளோயரில் 608, அதாவது உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, கனம் 7 மில்லிமீட்டர். பெரியதில் 6201: 12, 32, 10. இரண்டு பக்கமும் தகடு மூடின இசட்இசட் வகை கேளுங்கள். அடுப்புச் சூடு என்பதால் சி3 (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்ட வகை) கிடைத்தால் இன்னும் நல்லது. பாரிமுனைப் பக்கத் தெருக்களில் கிடைக்கும், ஆனால் போலியும் சேர்ந்தே விற்கும். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் குழாய்த் துண்டை வைத்துத் தட்டவேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் புதுப் பேரிங் அன்றே பழசாகிவிடும். கடல்காற்றில் விசிறியை ஷாஃப்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூ துருப்பிடித்துக் கழன்று வராது. முந்தின நாள் ராத்திரியே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஷாஃப்டை அடித்துக் கழற்றுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், ஷாஃப்ட் வளைந்தால் அப்புறம் நிஜமாகவே மோட்டார் போச்சு.

கெப்பாசிட்டர் மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், 440 வோல்ட். கூடுதலாகப் போட்டால் வேகம் கூடும் என்று சொல்வார்கள், கூடுவது சூடுதான். பழையதைத் தொடும் முன் அதன் இரண்டு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

இனிப் புகை. எல்லாப் புகைக்கும் ப்ளோயர் காரணமில்லை. பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போனால் பற்றும்போது புகையத்தான் செய்யும். நல்ல பெல்லட் ஒடித்தால் படக்கென்று ஒடியும், மேல்தோல் பளபளக்கும், தண்ணீரில் போட்டால் முதலில் மூழ்கும். ஈரம் ஏறினது வெளிறி, உப்பி, விரலில் நசுக்கினால் தூளாகும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, உள் பிளாஸ்டிக்கின் வாயைக் கட்டிவையுங்கள். மூட்டை அடியில் சேரும் தூளைச் சலித்துவிடுங்கள். அது கிரேட்டின் (பெல்லட் எரியும் சல்லடைத் தட்டு) ஓட்டையை அடைக்கும். உமி பெல்லட்டில் சாம்பல் மரத்தூள் பெல்லட்டைவிடப் பல மடங்கு, அதனால் சாம்பல் தட்டையும் அடிக்கடி கொட்ட வேண்டும். பர்னரின் மேல் வரிசை ஓட்டைகளையும் கம்பியால் குத்திவிடுங்கள். புகையை எரிக்கும் காற்று அந்த மேல் ஓட்டைகள் வழியாகத்தான் வருகிறது, எல்லோரும் கீழ் ஓட்டையை மட்டும் பார்ப்பார்கள்.

பற்றவைக்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரெகுலேட்டரைக் குறைந்த அளவில் வைத்து மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் அது முனகிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் ஸ்டார்ட் ஆகும் இழுவை வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். லைனில் 230-க்குப் பதில் 180 வந்தாலே அந்த இழுவையில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். அதற்காக முழு வேகத்தில் வைத்துப் பற்றவைத்தால் காற்று சுடரை அணைத்துப் புகையைக் கிளப்பும். ஆகவே நெருப்பு வைக்கும் முன் ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பி மோட்டாரை ஓடவிட்டு, பிறகு மிகக் குறைத்து, அதற்கப்புறம் பற்றவையுங்கள். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு பெல்லட் போதும். சுடர் மேல் முழுக்கப் பரவினதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கூட்டுங்கள். சுடர் இல்லாமல் மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை திரண்டு வந்தால் முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், அந்தப் புகையே குபுக்கென்று பற்றும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துப் பற்றவைப்பது இன்னும் ஆபத்து. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

பேரிங்கைக் கொல்வது பெரும்பாலும் அணைக்கும் முறைதான். வியாபாரம் முடிந்ததும் கங்கு இருக்கும்போதே சுவிட்சை அணைத்தால் சூடும் தாரும் குழாய் வழியாகத் திரும்பி ப்ளோயருக்குள் வரும். கங்கு அடங்கும்வரை கால் மணி நேரமாவது குறைந்த வேகத்தில் ஓடட்டும், பிறகு குழாயின் ஷட்டர் தகட்டை மூடுங்கள். கரன்ட் போனால் முதல் வேலை அந்தத் தகட்டை மூடுவது.

பணம் போனவர்களுக்கு: கடை வைத்திருப்பவர் நுகர்வோர் இல்லை என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் நடத்தும் கடைக்கு வாங்கினதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் பேச்சு எல்லாம் எடுத்துவையுங்கள். டிபன் கடை அக்காவிடம் பெயின்ட் அடித்த மோட்டாரின் போட்டோவும் பணம் அனுப்பின பதிவும் இருந்ததால்தான் 1915-ல் புகார் எடுபட்டது. பணம் இன்னும் வரவில்லை.

மோட்டாரை வெளியே அனுப்பியே ஆகவேண்டும் என்றால் பெயர்ப்பட்டை, கெப்பாசிட்டர், அம்புக்குறி மூன்றையும் போட்டோ எடுங்கள். பாடியின் அடியில் ஆணியால் ஓர் அடையாளம் கீறுங்கள். மூன்று ஒயருக்கும் என்ன ஓம் என்று உங்கள் எதிரிலேயே அளந்து, சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "மாற்றின பழைய பாகம் திரும்பத் தரப்படும்" என்ற வரியும் அதே சீட்டில் இருக்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்றால் மோட்டாரைக் கொடுக்காதீர்கள்.