'பாடுகளின் வாரம்' சுவர் சார்ட்: வாங்கலாம், வெள்ளிக்கிழமைக் கட்டத்தைத் திருத்திக்கொண்டு

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நெருங்கினால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் தொங்க ஆரம்பிக்கும், இயேசுவின் கடைசி வாரத்தைக் காட்டும் லேமினேட் சார்ட் இது. மூன்றடிக்கு இரண்டடி, விலை 350 ரூபாய். குருத்தோலை ஞாயிறு தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை எட்டு கட்டங்கள், சம்பவத்துக்குப் பக்கத்திலேயே வசன எண்.

இதில் உருப்படியான வேலை, நாள் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டியிருப்பது. ஒவ்வொரு கட்டமும் நள்ளிரவில் அல்ல, மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அதனால் பெரிய வியாழன் இரவுப் பந்தி, இயேசு பிடிபட்ட கெத்செமனே தோட்டம், ரோம ஆளுநர் பிலாத்துவின் விசாரணை, சிலுவை, அடக்கம் எல்லாம் யூதக் கணக்கில் ஒரே நாள் என்பது பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் 'வெள்ளி சாயந்தரத்திலிருந்து ஞாயிறு காலைக்கு எப்படி சார் மூணு நாள்?' என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. நாளின் ஒரு பகுதியும் ஒரு நாளாகவே எண்ணப்பட்டது. எஸ்தர் 4:16-ல் இரவும் பகலும் மூன்று நாள் உபவாசம் என்று சொன்ன எஸ்தர் ராணி, 5:1-ல் மூன்றாம் நாளிலேயே ராஜாவின் முன் போய் நிற்கிறாள். இந்த இரண்டு வசனத்தையும் ஓரத்தில் போட்டவருக்கு ஒரு சபாஷ்.

கோளாறு வெள்ளிக்கிழமைக் கட்டத்தில். வியாழன் இரவுப் பந்தியைப் பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையான நினைவுப் பண்டிகை) விருந்து என்று போட்டு, வெள்ளியை யூத மாதமான நிசானின் 15-ஆம் நாள் ஆக்கியிருக்கிறார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா கணக்குப்படி அது சரி. ஆனால் அதே கட்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நேரே 'ஆலயத்தில் பஸ்கா ஆடு அடிக்கும் வேளை' என்று சிவப்பில் இருக்கிறது. ஆடு அடிப்பது நிசான் 14 பிற்பகல். இந்த சார்ட்டின் கணக்கில் அது முந்தின நாளே முடிந்துவிட்டது. சிவப்பு வரி யோவானுடைய கணக்கு. யோவான் 18:28-ல் பஸ்கா இன்னும் புசிக்கப்படவில்லை, அதனால்தான் இயேசுவைக் கொண்டுவந்த யூதர்கள் தீட்டுப்படாதபடி பிலாத்துவின் அரமனைக்குள் போகாமல் நிற்கிறார்கள். இரண்டு கணக்கையும் ஒரே கட்டத்தில் ஒட்டினால் படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார். சிவப்பு வரிமேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, 'மத்தேயு, மாற்கு, லூக்கா: நிசான் 15, யோவான்: நிசான் 14' என்று பெர்மனென்ட் மார்க்கரில் எழுதிவிடுங்கள். சாதா ஸ்கெட்ச் பேனா லேமினேஷன்மேல் நிற்காது.

மணிக்கணக்கிலும் இதே ஒட்டுவேலை. மாற்கு 15:25-ல் சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி, அதாவது காலை ஒன்பது. யோவான் 19:14-ல் ஏறக்குறைய ஆறாம் மணிக்கும், அதே கணக்கில் நண்பகலுக்கும், பிலாத்து விசாரணையை முடிக்கவில்லை. இந்த மோதலைத் தவிர்க்க, யோவானின் ஆறாம் மணியைக் காலை ஆறு என்று சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் யோவான் 4:6-ல் கிணற்றடியில் அதே ஆறாம் மணியை எல்லோரும் நண்பகல் என்று படிப்பது ஏன்? அங்கே ஒரு கேள்விக்குறி போட்டால் போதும்.

தலைப்பில் சிலுவையில் அறைந்த நாளை 'கி.பி. 33 ஏப்ரல் 3' என்று அடித்துச் சொல்லியிருப்பதும் அதிகப்படி. கி.பி. 30 ஏப்ரல் 7-க்கும் ஆய்வாளர்களிடம் பலமான ஆதரவு உண்டு. இரண்டும் வெள்ளிக்கிழமை, இரண்டும் பிலாத்து ஆண்ட 26-36-க்குள் வருபவை.

பெத்தானியா ஊரில் இயேசுவுக்குத் தைலம் பூசினதை மாற்கு 14-ஐப் பார்த்துப் புதன்கிழமையில் வைத்திருக்கிறார்கள். யோவான் 12:1 பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு என்கிறது. அந்த வசனத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

மலைக்காற்றுக்கு இந்த லேமினேஷன் போதாது. காகிதத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டியிருப்பதால், மழை பிடித்ததும் ஓரம் வாய் பிளந்து ஈரம் உள்ளே ஏறும், கரும்புள்ளி விழும். சுற்றிலும் அரை அங்குலம் பிளாஸ்டிக் விட்டு வெட்டிய பிரதியாகப் பார்த்து எடுங்கள். டபுள் டேப் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது. மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை விட்டு உள்சுவரில் ஆணியில் மாட்டுவதே நல்லது. கடையில் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். பஸ் ஏறுவதாக இருந்தால் பிளாஸ்டிக் உறை ஒன்று கேட்டு வாங்குங்கள்.