மான் வேட்டைக்கு லீவர் துப்பாக்கி: வின்செஸ்டரா, மார்லினா, சாவேஜா?

லீவர் துப்பாக்கி (விசைக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைப் போடும் துப்பாக்கி) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தத் தோட்டா நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) வைக்கப் போகிறீர்களா, வெறும் கண்ணால் குறி பார்க்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

காரணம், காடு. அமெரிக்காவின் கிழக்கே பென்சில்வேனியா, நியூயார்க், மிச்சிகன் பக்கத்து மரக்காடுகளில் வெள்ளைவால் மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான். அந்தத் தூரத்தில் 1895இல் வந்த தர்ட்டி-தர்ட்டி தோட்டா இன்றும் வேலையைச் சுத்தமாக முடிக்கிறது. 170 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 2,200 அடி வேகத்தில் கிளம்பும். அதைவிட வேகமான தோட்டாவால் அந்த மானுக்குப் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது. குறி தவறினால்தான் எல்லாம் தவறும். (இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போகிறவர்களுக்கு.)

பென்சில்வேனியாவில் லீவருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை அங்கே மான் வேட்டைக்கு எடுத்துப்போகக் கூடாது. லீவரில் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம். இடக்கைக்காரருக்கும் சிக்கல் இல்லை.

முதலில் வின்செஸ்டர் 94. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, 1894ஆம் ஆண்டு மாடல், எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எடை ஏழு பவுண்டுக்குள். ஒல்லியான உடம்பு, ரிசீவருக்கு (இயந்திரப் பாகங்கள் இருக்கும் நடு உடம்பு) அடியில் ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்கலாம். மான் திடீரென்று குறுக்கே வந்தால் தோளுக்கு வருவது இதுதான் வேகம். இதன் குறையும் அந்த உடம்பில்தான் இருக்கிறது. மேல்பக்கம் திறந்திருப்பதால் சுட்ட தோட்டாக் கூடு நேர் மேலே பறக்கும். அங்கே எப்படி ஸ்கோப் வைப்பது? 1980களின் தொடக்கத்தில் கூடு சாய்வாக வெளியேறும்படி மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஸ்கோப் வைக்கலாம்தான். ஆனால் பின்கட்டையின் சரிவு வெறும் கண் குறிக்காகப் போடப்பட்டது. ஸ்கோப்பைப் பார்க்கக் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். ஸ்கோப் வைத்த 94, அதன் அழகையும் இழந்து வேகத்தையும் இழந்து நிற்கும் துப்பாக்கி. எனக்கு ஒப்பவில்லை.

பழையதாக வாங்குகிறவர்கள் 1964 என்ற ஆண்டை மறக்க வேண்டாம். செலவைக் குறைக்க அந்த ஆண்டில் பாகங்கள் செய்யும் முறையை மாற்றினார்கள். வரிசை எண் 27 லட்சத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு முந்தையது. விலையும் அதற்கேற்ப ஏறும். 1964க்குப் பிந்தையதும் மானைச் சுடத் தாராளமாகப் போதும். லீவரைத் திறந்து மூடும்போது கொஞ்சம் கடகடக்கும், அவ்வளவுதான். 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது புதிதாகக் கிடைக்கும் 94 ஜப்பானில் மிரோக்கு செய்வது. வேலைப்பாடு பிரமாதம். ஆனால் விலையைப் பார்த்தால் காட்டு முள்ளில் உரச மனம் வராது.

அடுத்து மார்லின் 336. 1948இல் வந்தது. தலை மூடிய ரிசீவர், கூடு பக்கவாட்டில் வெளியேறும். ஸ்கோப்பைத் தாழ்வாக, நேர் நடுவில் பொருத்தலாம். நாற்பது வயதைத் தாண்டி, முன்குறியும் பின்குறியும் சேர்ந்து தெளிவாகத் தெரியாதவர்கள் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அந்தி மங்கலில் மான் வரும் நேரத்துக்கும் ஸ்கோப்தான் கைகொடுக்கும். 94ஐவிடக் கொஞ்சம் கனம், கொஞ்சம் பருமன். கழற்றிச் சுத்தம் செய்வதில் மார்லின் ஒரு படி மேல். ஒரே ஒரு திருகை எடுத்தால் லீவர் வந்துவிடும், போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) வந்துவிடும், குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். 94இல் அந்த வேலைக்கு உட்கார்ந்தால் பொறுமை வேண்டும்.

மார்லினிலும் ஆண்டு பார்த்து வாங்க வேண்டும். குழலில் 'ஜேஎம்' முத்திரை இருந்தால் கனெக்டிகட்டில் செய்த பழைய சரக்கு. 2007இல் ரெமிங்டன் குழுமம் வாங்கி, பிறகு தயாரிப்பை இடம் மாற்றிய காலத்துத் துப்பாக்கிகளை அமெரிக்க வேட்டைக்காரர்கள் 'ரெம்லின்' என்று முகம் சுளித்துச் சொல்வார்கள். 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் அந்தப் பெயரை வாங்கியது. 2023இல் 336 திரும்பி வந்தது. ரூகர் செய்வது நன்றாகவே இருக்கிறது, விலை ஆயிரம் டாலரைத் தாண்டினாலும்.

இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு கட்டுப்பாடு உண்டு. குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டால், துப்பாக்கி உதைக்கும்போது அந்த முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் அடிப்பொட்டைக் குத்தி வெடிக்க வைக்கலாம். அதனால்தான் தட்டைமுனை. தட்டைமுனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். நூறு கெஜத்துக்குக் குறி சரிசெய்த தர்ட்டி-தர்ட்டி இருநூறு கெஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே இறங்கிவிடும். வளையும் பிளாஸ்டிக் முனை வைத்து ஹார்னடி செய்யும் தோட்டாக்கள் இதை ஓரளவு சரிக்கட்டுகின்றன.

சோள வயல் ஓரத்தில் உட்கார்ந்து இருநூறு கெஜம் தாண்டிச் சுடுகிறவரா? அப்படியானால் சாவேஜ் 99. ஆர்தர் சாவேஜ் 1890களில் யோசித்த வடிவம் என்று நம்புவதே கடினம். வெளியே சுத்தியல் கிடையாது. தோட்டாக்கள் உள்ளே பித்தளை உருளையைச் சுற்றி நிற்பதால் கூர்முனைக் குண்டு போட்டாலும் பயமில்லை. 1920இல் வந்த .300 சாவேஜ், பிற்பாடு .308 என்று நவீனத் தோட்டாக்களுக்கும் தாங்கியது. இந்த வரிசையிலேயே புத்திசாலித்தனமான இயந்திரம் இதுதான் என்பேன். ஆனால் 1990களின் கடைசியோடு தயாரிப்பு நின்றுவிட்டது, பழையதுதான் கிடைக்கும். .300 சாவேஜ் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. முடிந்தால் .308 அல்லது .243இல் தேடுங்கள். பழைய 99இல் பின்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் மரம் விரிசல் விடுவது சகஜம். அதைப் பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

புதிதாகவே வேண்டும், .308தான் வேண்டும் என்றால் பிரௌனிங் பிஎல்ஆர் இருக்கிறது. பல்சக்கரத்தில் ஓடும் லீவர், கழற்றி மாட்டக்கூடிய தோட்டாப் பெட்டி (மேகசின்). குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் பிரிக்க மட்டும் முயலாதீர்கள், பல்லைப் பழைய இடத்தில் பொருத்துவது நம்மால் ஆகிற வேலை இல்லை.

அப்புறம் ஹென்றி. 1996இல் புரூக்ளினில் தொடங்கிய நிறுவனம்; 1860 ஹென்றி துப்பாக்கியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், வம்சத் தொடர்ச்சி இல்லை. இழுப்பு வழவழப்பு, உடம்பு கனம். இதில் எனக்குப் பிடித்தது தோட்டாவை வெளியே எடுக்கும் முறை. 94இலும் 336இலும் இருட்டிய பின் காருக்குத் திரும்பும்போது, லீவரை மீண்டும் மீண்டும் இழுத்து ஒவ்வொரு தோட்டாவையும் சுடும் அறை வழியாகவே வெளியேற்ற வேண்டும். விறைத்த விரல்களோடு அது நல்ல வேலையல்ல. ஹென்றியில் அறையில் இருப்பதை மட்டும் லீவரால் எடுத்துவிட்டு, குழாயின் உள்தண்டை உருவிச் சாய்த்தால் மீதித் தோட்டாக்கள் கையில் வந்து விழும். பிள்ளையை முதன்முறையாக வேட்டைக்கு அழைத்துப்போகிறவருக்கு, கனத்தைப் பொறுத்துக்கொண்டாவது ஹென்றியைத்தான் சொல்வேன். மற்றபடி கண் நன்றாக இருக்கிறவருக்கு ஒரு பழைய 94, கண்ணாடி போட்டவருக்கு ஜேஎம் முத்திரை போட்ட 336.