‘ஹெர்பல்’ என்று கட்டிலுக்கு மருந்தடிக்க வந்தால் கேனைக் காட்டச் சொல்லுங்கள்

திருச்சிப் பக்கம் மரச்சாமான்களுக்கு ‘ஹெர்பல் ட்ரீட்மென்ட்’ என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்துக் கட்டிலில் வண்டு விழுந்து மாவு கொட்டியது. தவழும் குழந்தை இருக்கிறது, கையில் எது கிடைத்தாலும் வாய்க்குப் போகும் என்று போனிலேயே சொன்னேன். “வேப்பெண்ணெயும் லெமன்கிராஸும்தான் சார். ராத்திரியே குழந்தையைப் படுக்க வைக்கலாம்” என்றார்கள்.

வந்த இருவருக்கும் கையுறை, முகமூடி எதுவும் இல்லை. லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டிலில் பால் மாதிரி ஏதோ ஒன்று. அடித்து முடித்தபோது எலுமிச்சைப்புல் வாசனையை மீறி மண்ணெண்ணெய் நெடி. என்ன மருந்து என்றால், “கம்பெனி ஃபார்முலா.” அவர்கள் பையில் இருந்த கேனை என் மனைவிதான் கவனித்தாள்: குளோர்பைரிபாஸ் 20 ஈசி (தண்ணீரில் கலந்து அடிக்கிற 20 சதவீதப் பூச்சிமருந்து). வீடு கட்டும்போது கரையானுக்காக அஸ்திவார மண்ணில் ஊற்றுகிற சரக்கு! குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கவலையில் ஐரோப்பிய ஒன்றியம் 2020-லேயே இதை நிறுத்திவிட்டது. தொட்டிலுக்கும் அடிக்கட்டுமா என்று வேறு கேட்டார்கள், புண்ணியவான்கள்.

நம் ஊர்ப் பூச்சிமருந்து லேபிள் எல்லாவற்றிலும் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்புதான் கடும் விஷம். அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. எங்கள் வீட்டில் அடித்தது மஞ்சள். லேபிள் இல்லாத பாட்டிலை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்டர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான். ‘ஹெர்பல்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? தொழிலாக மருந்தடிக்க வேளாண்மைத் துறை லைசென்ஸ் வேண்டும். அதையும் கேளுங்கள்.

கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம், இனி அது வீட்டுக்குள் வராது. வண்டு விழுந்த அலமாரியும் ஒன்று உண்டு, அதை அவர்கள் தொடவில்லை. அதற்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து, கறுப்புத் தாளை அடியில் விரித்து, புது மாவு விழுகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார். பழைய ஓட்டையைக் காட்டிக் காசு பறிக்கிறவர்களும் உண்டாம். பாலிஷைத் தேய்த்தெடுத்து, வெறும் மரத்தில் போராக்ஸ் (வெண்காரம்) கரைசலை ஊற ஊறப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே அரக்கு பாலிஷ் போட்டார். பாலிஷ் மேலேயே பூசினால் போராக்ஸ் உள்ளே இறங்காது. அதுவும் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள்தான். குழந்தை கடிக்கிற தொட்டில் கம்பிக்கு வேண்டாம், கம்பியையே மாற்றிவிடுங்கள் என்றார்.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் அந்த ‘ஹெர்பல்’ ஆட்கள் போனை எடுப்பதில்லை. வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘ஹெர்பல், பாதுகாப்பானது’ என்று அவர்களே கையெழுத்துப் போட்டுத் தந்த பில்லையும், கேனைப் படம்பிடித்த போட்டோவையும் அதோடு இணைத்திருக்கிறேன்.