‘படமே அப்படித்தான்ணா!’: ப்ளூரே வாங்கப் போய் 2,800 ரூபாய் விட்ட கதை

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் இன்னும் டிஸ்க் வாங்கி அடுக்குகிற என் மாதிரிப் பைத்தியங்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான். போன மாதம் ‘அமெரிக்க ஒரிஜினல்’ என்று நம்பி நான் வாங்கிய ப்ளூரே (டிவிடியை விடத் தெளிவாகப் படம் காட்டும் டிஸ்க்) ஒரிஜினலும் இல்லை, ப்ளூரேயும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது. காரணம், அந்தப் படம் அப்படிப்பட்ட படம்.

படம் ‘கிரைண்ட்ஹவுஸ்’. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மட்டமான தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு மலிவுப் படம் ஓட்டுவார்கள். ரத்தம், கவர்ச்சி, கார் துரத்தல், பேய், எல்லாம் இருக்கும். பிரிண்ட் ஊர் ஊராய்ச் சுற்றி நைந்து போயிருக்கும். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் படம் முழுக்க மழை பெய்யும். அந்த அனுபவத்துக்கு மரியாதை செய்கிறோம் என்று ராபர்ட் ரோட்ரிகஸும் குவென்டின் டாரன்டினோவும் ஆளுக்கொரு படம் எடுத்து, 2007 ஏப்ரலில் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டார்கள். முதலில் ‘பிளானட் டெரர்’, அடுத்து ‘டெத் ப்ரூஃப்’. முன்னாலும் நடுவிலும், அப்போது எடுக்கவே எடுக்காத படங்களுக்குப் பொய் டிரெய்லர்கள். மொத்தம் 191 நிமிடம். ரோட்ரிகஸ் டிஜிட்டல் கேமராவில் பளிச்சென்று எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோடும் கறையும் போட்டார். காசு கொடுத்து அழுக்காக்கிய படம்! மகாராணியிலும் அகஸ்தியாவிலும் பழைய படங்களை மறு ரிலீஸில் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

சிக்கல் எங்கே என்றால், அமெரிக்காவில் வசூல் படுத்துவிட்டது. அதே 2007 கடைசியில் இரண்டையும் தனித்தனி டிவிடியாக, நீளம் கூட்டி விட்டார்கள். டிரெய்லர்களில் ‘மாச்சேட்டி’ ஒன்றுதான் ‘பிளானட் டெரர்’ டிவிடியில் வந்தது. மற்ற மூன்றும் இல்லை. தியேட்டரில் ஓடிய அதே வடிவம் அமெரிக்காவில் ப்ளூரேயாக வர 2010 அக்டோபர் ஆனது. ரசிகர்கள் தேடுவது அதைத்தான். ஏமாற்றுகிறவருக்கும் அது தெரியும்.

கடை பெயர் போடவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைக் கூட்டத்துக்குப் பின்னால், மாடியில், செல்போன் சர்வீஸும் சேர்த்துப் பார்க்கிற சின்ன இடம். டிஸ்க் சேர்க்கிறவர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டிருந்தார்: நீலப் பெட்டி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் பிடித்திருக்கும் கட்டை விரல். நேரில் போனேன். மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி சீல் போட்டிருந்தது.

“தம்பி, நம்ம ஊர் பிளேயர்ல ஓடுமா?”

“எல்லா ரீஜனும் ஓடும்ணா. நம்பி எட்த்துனு போ.”

அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். ஒரு பகுதிக்கான டிஸ்க் இன்னொரு பகுதி பிளேயரில் ஓடாதபடி ரீஜன் பிரித்துப் பூட்டியிருப்பார்கள். ப்ளூரேயில் அமெரிக்கா ஏ ரீஜன், இந்தியா சி ரீஜன். ரீஜன் பூட்டு இல்லாத டிஸ்க்குகளும் உண்டுதான். ஆனால் எதையும் பார்க்காமல் ‘எல்லாம் ஓடும்’ என்று சொல்ல முடிவது வீட்டில் காப்பி போட்டு எரித்த டிஸ்க்குக்குத்தான். ஆசை கண்ணை மறைத்தது. ஜிபேயில் பணம் போட்டேன். பில் கேட்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்குப் போட்டேன். ‘பிளானட் டெரர்’ பாதியில் ஒரு காதல் காட்சி சூடு பிடிக்கிற நேரத்தில் பிலிம் பொசுங்கி, ‘ரீல் காணவில்லை’ என்று கார்டு வரும். திரும்பி வந்தால் கட்டடமே பற்றி எரிகிறது. நடுவில் என்ன நடந்தது என்று நாமே ஊகிக்க வேண்டும். அது படத்தில் உள்ள வேடிக்கை, விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது, ‘க்ர்ர்ர்’ என்று சத்தம், அப்படியே நின்றது. அடடா, இன்னொரு குறும்பு போலிருக்கிறது, என்ன தைரியம் இந்த ஆளுக்கு என்று ரசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். உள்ளே இருந்து வந்த மனைவி டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, டிவி மாட்டிக்கிச்சா, நீங்க மாட்டிக்கினீங்களா?” என்றாள்.

ரிமோட்டில் அடுத்த பகுதிக்குத் தாவித்தான் மேலே போக முடிந்தது. முதல் படம் முடிந்ததும் டிரெய்லர் வரவில்லை, நேராக ‘டெத் ப்ரூஃப்’ தொடங்கிவிட்டது. சந்தேகம் அங்கே தட்டியது. அதை உறுதி செய்தது ஒரு நடனக் காட்சி. தியேட்டர் வடிவத்தில் அந்தப் பெண் ஆடப் போகிற நேரத்தில் மறுபடியும் ரீல் காணாமல் போகும், ஆட்டத்தைக் காட்டவே மாட்டார்கள். என் டிஸ்க்கில் அவள் முழுசாக ஆடி முடித்தாள். அப்படியென்றால் இது தனியாக விட்ட நீளமான வடிவம். 105 நிமிடமும் 113 நிமிடமும் சேர்ந்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல், ஒரே டிவிடியில் நசுக்கி அடைத்திருக்கிறார்கள். படம் உடைந்ததும் ஆச்சரியமில்லை. பெட்டியில் இருந்த இரண்டாவது டிஸ்க்கில் டிரெய்லர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் யாரோ ஒருவருடைய ‘சப்ஸ்கிரைப்’ மணி ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம். எரித்த டிவிடிக்குத்தான் இந்த ஊதா. கம்பெனியில் அச்சடித்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும், நடு ஓட்டையைச் சுற்றிய வளையத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். இதில் ஒன்றுமில்லை. ஈர விரலை மேல் பக்கம் தேய்த்தேன், சிவப்பு மை ரேகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அட்டையை உருவினேன், கலர் ஜெராக்ஸ். டிவிடி பெட்டி உயரம், ப்ளூரே பெட்டி குட்டை. உயரமான அட்டையை இதில் நுழைக்க அடியில் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள், கடைசி வரி பாதி எழுத்தோடு நிற்கிறது. பிளேயரின் குட்டித் திரையில் அத்தனை நேரமும் ‘டிவிடி’ என்றுதான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் போனேன். எனக்கு எரிச்சலாக இருப்பது அவர் ஏமாற்றியதை விட, அங்கே சொன்ன பதில்தான்.

“படமே அப்படித்தான்ணா. கோடு போடுவான், ரீல் காணோம்னுவான். டைரக்டரோட ஐடியாணா அது. நெட்ல பாரு.”

சரி, பிலிம் கோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிலிமில் கீறல் விழுந்தால் நெடுக்காகக் கோடு ஓடும், துள்ளும், நிறம் வெளுக்கும், புள்ளி தெறிக்கும், பொசுங்கினால் பழுப்பாய்க் குமிழி விடும். உலகத்தில் எந்தப் பிலிமும் சதுரச் சதுரமாக உடையாது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது டிஸ்க்கின் கோளாறு. இதை நான் விளக்க விளக்க அவர் ஒரு போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் வேறொன்று கொடுத்தார். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். அதே இடத்தில், அதே முகம், அதே ‘க்ர்ர்ர்’. “வேணும்னா வேற படத்துல 500 குறைச்சிக்கறேன்ணா” என்றார். பணம் திரும்ப வரவில்லை.

நாம் ஒன்றும் யோக்கியமில்லை என்று சிலர் சொல்லலாம். உண்மை. முப்பது ரூபாய்க்குத் திருட்டு விசிடி வாங்கிய கைதான் இது. 2004-இல் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்திலேயே சேர்த்த மாநிலம் நம்முடையது. ஆனால் அந்தப் பிளாட்பாரத்து ஆள் மறைத்ததில்லை. “தியேட்டர் பிரிண்ட்ணா, முன்னாடி ஒருத்தன் தலை தெரியும்” என்று சொல்லித்தான் கொடுப்பார். இவர் அதே சரக்கை 2,800-க்கு ஒரிஜினல் என்று விற்கிறார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பில் கேட்டார்கள். ஜிபே ரசீது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, அதையே கொடுத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் சீலைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் உறையை ஹேர் டிரையர் வைத்து யார் வேண்டுமானாலும் சுற்றலாம். இந்தப் படம்தான் என்றால் நடன இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். அவள் ஆடினால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

நேற்று அதே குழுவில் மறுபடியும் போட்டோ வந்திருக்கிறது. அதே நீலப் பெட்டி, ஓரத்தில் அதே கட்டை விரல். ‘லாஸ்ட் பீஸ்’ என்று போட்டு விலை 3,200 ஆகியிருக்கிறது. நான் கேள்வி கேட்டதும் என்னைக் குழுவை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.