1967 போன்டியாக் ஜிடிஓ: பழையபடியே மீட்டெடுத்து, ஆறு கோடை ஓட்டிய அனுபவம்

வாங்கும்போது இந்த அமெரிக்கக் கார் சிவப்பாக இருந்தது. மிச்சிகனில் ஒரு தானியக் கொட்டகையில் எட்டு வருடம் நின்ற வண்டி. எஞ்சின் ஓடவில்லை. டிக்கியின் தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. இங்கே பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். தகடு தப்பிப்பது அபூர்வம்.

2015-இல் வாங்கி 2019-இல் வேலையை முடித்தேன். அதன் பிறகு ஆறு கோடை, பதினோராயிரம் மைல் ஓட்டியாகிவிட்டது. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: காரோடு வந்த எந்த உதிரியையும் தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வாரமே பானெட்டைத் திறந்து, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பில்) பதித்திருந்த சின்னத் தகட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அழுக்கு நீங்க நீங்க எழுத்துகள் மேலே வந்தன. பெயின்ட் என்ற இடத்தில் ‘எச்’. அந்த வருட போன்டியாக் வண்ணங்களில் எச் என்றால் லிண்டன் கிரீன், ஒரு வகைப் பச்சை. கதவு ரப்பரை உரித்துப் பார்த்தேன். சிவப்புக்கு அடியில் அதே பச்சை. சிவப்பாகவே விட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தொழிற்சாலையை விட்டு எந்த நிறத்தில் இறங்கியதோ, அந்த நிறம்தான் இந்தக் காருக்கு.

அடுத்து எஞ்சின். 400 கன அங்குல வி8, 335 குதிரைத்திறன். 1967 வரை போன்டியாக் எஞ்சினில் காரின் சேசிஸ் எண்ணை வெட்டவில்லை. எஞ்சினுக்குத் தனி எண் உண்டு. ஆகவே பார்த்தவுடன் ‘இது இதே காரின் எஞ்சின்’ என்று சொல்லிவிட முடியாது. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்புக்குக் காரின் சேசிஸ் எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால், தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகல் வரும். அதில் இருந்த எஞ்சின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் டார்ச் அடித்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின. பக்கத்திலேயே ‘ஒய்எஸ்’ என்ற குறியீடு, ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த 335 குதிரைத்திறன் எஞ்சினுக்கு உரியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இனி என்னை அதிகம் வருத்திய விஷயம். டிங்கரிங் வேலைக்கு விட்ட பட்டறையில் மூன்று மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முன்பக்கத்து இரண்டு ஃபெண்டர்களையும் (சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் தகடுகளையும்) என்னிடம் கேட்காமல் பழைய இரும்போடு போட்டுவிட்டு, புதிதாகச் செய்து விற்கும் மாற்றுத் தகடுகளைப் பூட்டியிருந்தார்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி மேலே ஒரு விரல், கீழே அரை விரல். இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடுகளான ஷிம் எத்தனை வைத்தும் நேராகவில்லை. கடைசியில் ஒஹாயோவில் உடைக்கப்பட்ட இன்னொரு 1967 ஜிடிஓவிலிருந்து பழைய ஃபெண்டர்களைத் தேடி வாங்கி, அடிப்பக்கத் துருவை வெட்டி ஒட்டிப் பூட்டினேன். ஒரே மதியத்தில் பொருந்திவிட்டன. பழைய தகட்டில் பாதி துருவாக இருந்தாலும் அதன் வளைவு சரியாக இருக்கும். அந்த வளைவுக்குத்தான் விலை.

குரோம் பட்டைகள், சீட் சட்டம், கடிகாரம் எல்லாவற்றையும் பழுது பார்த்தே போட்டேன். புதிய ரப்பர் மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது?

நான்கு சக்கரமும் டிரம் பிரேக். அந்த வருடம் முன்பக்க டிஸ்க் கூடுதல் விலைக்குக் கிடைத்தது; என் காரை முதலில் வாங்கியவர் அதை எடுக்கவில்லை, நானும் மாற்றவில்லை. ஒரு முறை நன்றாகப் பிடிக்கும். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஈரத்தில் ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டப் பழகிக்கொண்டேன்.

டயரில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். சிவப்புக் கோடு போட்ட பழைய வகை பயாஸ் டயர் (உள்ளே நூல் அடுக்குகள் குறுக்காக ஓடுவது), சாலையில் இருக்கும் ஒவ்வொரு பள்ளத்தையும் பிடித்துக்கொண்டு அலையும். இரண்டாம் கோடையிலேயே, அதே சிவப்புக் கோடு உள்ள, இன்றைய வகை ரேடியல் டயருக்கு மாறினேன். பழைய டயர்கள் ரிம்மோடு கராஜில் இருக்கின்றன.

எஞ்சினிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் செய்தேன். அன்றைய அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 10.75. அது ஈயம் கலந்த, ஆக்டேன் அதிகமான பெட்ரோல் கிடைத்த காலத்துக்குச் செய்தது. இன்றைய 93 ஆக்டேன் பெட்ரோலில் ஏற்றத்தில் எஞ்சின் கடகடவென்று தட்டும். பிஸ்டனை மாற்றி விகிதத்தை 9.5-க்கு இறக்கினேன். வால்வு இருக்கைகளையும் கடினமானதாகப் போட்டேன். மூல வடிவத்தை வணங்குபவர்கள் கோபிக்கலாம். ஆனால் ஓடாமல் மூடி வைக்க இதை நான் மீட்கவில்லை.

ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம். அதன் அடிப்பக்க அடைப்புகள் கசிந்தால், இரண்டு வாரம் நின்ற வண்டியில் பெட்ரோல் வடிந்துபோய் காலையில் நீண்ட நேரம் சுற்றித்தான் கிளம்பும். அடைப்புகளை எபாக்ஸி பசையால் மூடிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை உப்ப வைக்கும். குழாய்களை முதலிலேயே மாற்றிவிடுங்கள். ஆயில் வாங்கும்போது துத்தநாகம் உள்ளதா என்று பாருங்கள், இல்லையென்றால் வால்வுகளைத் திறக்கும் கேம் தேயும். மைலேஜ் காலனுக்குப் பதினொன்று, சில நாள் பன்னிரண்டு.

செலவு, காரின் விலையையும் சேர்த்து, ஐம்பத்திரண்டாயிரம் டாலர். விற்றால் அது திரும்பி வருமா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூ என்ற சாலையில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும் நாளில் எடுத்துப் போவது வழக்கம். போன வருடம் ஒரு பெரியவர் கதவோரம் நின்று, கையை வண்டியில் படாமல் நீட்டி, அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன்டியாக் ஆலையில் வேலை பார்த்தவராம். நிறத்தின் பெயரை நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

பின்கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் இப்போது மறுபடியும் ஈரம் தெரிகிறது. இந்த மாடல்களில் அங்கேதான் தண்ணீர் தேங்கி டிக்கிக்குள் இறங்கும். வசந்தம் வந்ததும் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.